தேன் பெட்டியால் பக்கத்து வீட்டாரோடு தகராறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

குமரி மாவட்டத்தில் விளைக்குள், அதாவது வீட்டுத் தோட்டத்துக்குள், தேன் பெட்டி வைப்பது தாத்தா காலத்துப் பழக்கம். 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹேட்சின் முயற்சியில் இந்தத் தொழிலைப் பரப்பத் தொடங்கிய காலத்தில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பத்துத் தென்னையாவது நின்றிருக்கும். இப்போது மூன்று சென்ட், நான்கு சென்ட் மனைகள், சுவரை ஒட்டிச் சுவர். பெட்டி மட்டும் அதே பெட்டி. தகராறு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

புகார் வந்ததும் பலர் முதலில் செய்வது, "தேனீ இல்லாவிட்டால் காய்கனியே கிடையாது, தெரியுமா?" என்று பாடம் எடுப்பது. பிள்ளையின் கன்னம் வீங்கிப்போய் வாசலில் நிற்கும் அம்மாவிடம் மகரந்தச் சேர்க்கையைப் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. அதைவிட, புகாரை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு காரணத்தைத் தேடுவது மேல். பெரும்பாலும் காரணம் பெட்டி நிற்கும் இடம், தண்ணீர், அல்லது நீங்கள் பெட்டியைத் திறக்கும் நேரம். சில சமயம் அது உங்கள் தேனீயாகவே இருக்காது. அதனால் தொடக்கம் அங்கிருந்து.

முதல் சோதனை: கொட்டியது எது?

"தேனீ கொட்டிவிட்டது" என்று சொல்பவர் காட்டும் பூச்சியைப் பாருங்கள். செத்துக் கிடந்தாலும் பரவாயில்லை, ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நாம் பெட்டியில் வளர்ப்பது இந்தியத் தேனீ, அடுக்குத் தேனீ என்றும் சொல்வோம். நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். இருட்டான பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டும். மலைத்தேனீ அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும், அடுக்குமாடி சன்ஷேடிலும், இலவ மரக் கிளையிலும் ஒரே ஒரு பெரிய அடையாகத் தொங்கும். கொம்புத் தேனீ மிகச் சிறியது, செடியின் குச்சியில் உள்ளங்கை அளவு அடை வைக்கும். குளவியும், அதில் பெரிய வகையான கதண்டும் தேனீயே இல்லை. கொட்டிய இடத்தில் கொடுக்கு பதிந்து நின்றால் தேனீ என்று வைத்துக்கொள்ளலாம். கொடுக்கே இல்லாமல், ஒரே பூச்சி இரண்டு மூன்று தடவை கொட்டியது என்றால் குளவிப் பக்கம் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு நல்ல தடயம் இருக்கிறது. "ராத்திரி டியூப் லைட்டைச் சுற்றி வந்து விழுந்து சாகிறது, காலையில் பெருக்கி அள்ளுகிறோம்" என்று சொன்னால் அது அநேகமாக மலைத்தேனீ. நிலா வெளிச்சத்திலும் இரை தேடப் போகும் இனம் அது, விளக்குக்கும் வரும். பெட்டித் தேனீ பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் அடங்கிவிடும். இப்படிப் புகார் வந்தால் டார்ச்சும் கையுமாகப் பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு சுற்றுவட்டாரத்துத் தொட்டிகளையும் உயர்ந்த மரங்களையும் ஒரு பார்வை பாருங்கள். கூட்டைச் சேர்ந்து கண்டுபிடித்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

மலைத்தேனீக் கூடு யார் தலைக்கும் இடைஞ்சல் இல்லாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடலாம். அவை பூ வரத்தைத் தொடர்ந்து இடம் மாறுபவை, சில மாதத்தில் தாமாகவே கிளம்பிவிடும். கல் எறியவும் தீப்பந்தம் காட்டவும் யாரையும் விடாதீர்கள். எவரும் தொடாமலே திடீரென்று கூட்டம் கலைந்து தெருவில் போகிறவர்களைக் கொட்டினால் மேலே தேன்பருந்து வட்டமிடுகிறதா என்று பாருங்கள், அடையைப் பிய்க்க வருவது அதன் வேலை. பள்ளி, கோயில், பஸ் நிறுத்தம் பக்கத்தில் கூடு இருந்தாலோ, கதண்டாக இருந்தாலோ தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

அறிகுறி: குழாயடியிலும் துவைகல்லிலும் தேனீ மொய்க்கிறது

கோடையில் வரும் புகார்களில் இதுதான் அதிகம், இதைத் தவிர்ப்பதும் எளிது. வெயில் ஏற ஏறப் பெட்டிக்குள் சூடு கூடும். தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து அடைமேல் தடவி, சிறகால் விசிறிக் குளிரவைக்கும். புழுக்களுக்கு ஊட்டும் உணவைக் கரைக்கவும் தண்ணீர் வேண்டும். நாம் பெட்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் வைக்க மறந்தால், சொட்டும் குழாய் எங்கே இருக்கிறதோ அதை அவை கண்டுபிடித்துக்கொள்ளும். அது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் குழாய்தான்.

சிக்கல் என்னவென்றால், ஒரு தண்ணீர் இடத்தைப் பழகிவிட்டால் தேனீ அதை எளிதில் விடாது. புகார் வந்த பிறகு நம் பக்கம் ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் இரண்டு வேலையையும் ஒரே நாளில் செய்ய வேண்டும். முதலில் அங்கே சொட்டும் குழாயை நம் செலவில் சரிசெய்து கொடுங்கள், ஒரு வாஷரின் விலைதான். தொட்டி திறந்திருந்தால் கொசுவலை போட்டுக் கட்டுங்கள். அதே நாளில் பெட்டியிலிருந்து சில அடி தூரத்தில், வெயில் படும் இடத்தில், அகலமான மண்சட்டி வையுங்கள். உள்ளே கூழாங்கல்லோ தேங்காய் நாரோ போட்டுத் தண்ணீர் அதற்கு மேல் ஏறாமல் ஊற்றுங்கள், கால் ஊன்ற இடம் இல்லாவிட்டால் மூழ்கிச் செத்துப்போகும். லிட்டருக்கு ஒரு சிட்டிகை உப்புப் போடலாம். தெளிந்த நீரைவிடக் கொஞ்சம் மணமும் உப்பும் பாசியும் உள்ள நீரைத்தான் தேனீ விரும்பும். சாக்கடை ஓரத்தில் வந்து உட்காருவதும் அதனால்தான். சட்டி ஒரு நாள்கூட வற்றக் கூடாது. ஊருக்குப் போகும்போது இதை மறந்துவிட்டு, திரும்பி வந்ததும் பழைய புகாரையே கேட்பவர்கள் அதிகம்.

அறிகுறி: காயப்போட்ட துணியிலும் கார் கண்ணாடியிலும் மஞ்சள் புள்ளி

தேனீ தன் கூட்டுக்குள் அசுத்தம் செய்யாது, வெளியே பறந்து கழிக்கும். அந்த மஞ்சளில் இருப்பது செரித்த பூந்தாதின் ஓடுகள். அதனால்தான் காய்ந்த பிறகு துணியை விட்டுப் போக அடம்பிடிக்கிறது. பார்த்ததும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் போய்விடும். வெயிலில் காய்ந்து இஸ்திரியும் போட்டுவிட்டால் சிரமம்தான்.

இதே மஞ்சள் புள்ளி ஒரு காலத்தில் உலக அரசியலைக் கலக்கியது. 1981-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹேக், லாவோஸ், கம்போடியா மக்கள்மேல் சோவியத் ஆதரவோடு 'மஞ்சள் மழை' என்ற நச்சு ஆயுதம் தூவப்படுகிறது என்று குற்றம் சாட்டினார். ஹார்வர்டின் மேத்யூ மெசல்சன், தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலி முதலானோர் அந்தப் புள்ளிகளை ஆராய்ந்து, அது தேனீக்கள் கூட்டமாகப் பறந்து கழித்த மலம் என்றார்கள். அமெரிக்க அரசு கடைசிவரை குற்றச்சாட்டைத் திரும்பப் பெறவில்லை. வல்லரசுகளுக்கே அந்த நிலைமை என்றால், வெள்ளை வேட்டியில் புள்ளி விழுந்த எதிர்வீட்டு அண்ணாச்சி கோபப்படுவதில் தப்பே இல்லை.

மழை பெய்ததுபோல ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் விழுந்தால் அது பெரும்பாலும் மலைத்தேனீயின் வேலை. அன்றாடம் பத்து, இருபது புள்ளி என்றால் நம் பெட்டியாக இருக்கலாம். பெட்டியிலிருந்து தேனீ கிளம்பிப் போகும் திசைக்கு நேர்க்கீழேதான் இது அதிகம் விழும். ஆகவே பெட்டியின் வாயில் துணிக்கொடியையோ கார் நிறுத்தும் இடத்தையோ பார்த்து இருக்கக் கூடாது. வாயிலின் திசையைத் திருப்பினாலே பெரும்பகுதி குறைந்துவிடும். ஒரேயடியாகத் திருப்பாமல், நாளுக்குக் கொஞ்சமாக ஒரு வாரத்தில் திருப்புங்கள்.

அறிகுறி: நடமாடுகிறவர்களைக் கொட்டுகிறது

இதில் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. எப்போது கொட்டுகிறது என்று கேட்டால் எதுவென்று பிடிபடும்.

எப்போதாவது ஒருவரை, அதுவும் குறிப்பிட்ட இடத்தில் கொட்டினால் அது பறக்கும் பாதைக் கோளாறு. வாயிலிலிருந்து கிளம்பும் தேனீ முதல் சில மீட்டர் தாழ்வாகப் பறக்கும். அந்தப் பாதையில் ஆள் நடந்தால் தலைமுடியில் சிக்கும், சிக்கியது கொட்டும். வாயிலுக்கு எதிரே ஐந்தாறு அடி தள்ளி, ஆறேழு அடி உயரத்துக்குப் பச்சை வலை கட்டுங்கள், அல்லது செம்பருத்தி வேலி வையுங்கள். தேனீ அதைத் தாண்ட மேலே எழும்பித்தான் ஆக வேண்டும். எழும்பியபின் மறுபடி தாழ இறங்காது, ஆட்களின் தலைக்கு மேலேயே போய்விடும். பெட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றுவதும் இதே பலனைத் தரும், பக்கத்து மொட்டை மாடி அதே உயரத்தில் இல்லாவிட்டால்.

தேன் எடுத்த நாளும் மறுநாளும் மட்டும் கொட்டினால் கோளாறு தேனீயிடம் இல்லை, உங்களிடம். ஞாயிற்றுக்கிழமை நமக்கு லீவு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் லீவு. அன்றைக்குப் போய்ப் பெட்டியைத் திறக்காதீர்கள். வார நாளில் வெயில் வந்தபின் பத்து, பதினொரு மணிக்குத் திறந்தால் மூத்த தேனீக்கள் பாதி வெளியே போயிருக்கும், தெருப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். மூடாக்கு வெயிலிலும் மழை வரும் முன்னும் திறக்க வேண்டாம். கொட்டிய கொடுக்கிலிருந்து ஓர் எச்சரிக்கை வாசனை கிளம்பும், வாழைப்பழ வாடை போல இருக்கும். அது மற்ற தேனீக்களையும் அதே இடத்துக்கு இழுக்கும். கையுறையில் கொட்டு வாங்கினால் அந்த இடத்தில் புகை காட்டிவிட்டு வேலையைத் தொடருங்கள். தேன் ஒட்டிய மரச் சட்டங்களை வெளியில் போடாதீர்கள். முதல் நாள் சாயங்காலமே, "அக்கா, நாளைக்குக் காலையில பெட்டி திறக்கேன், பின்பக்கம் துணி காயப்போட வேண்டாம், சாயங்காலம் பிள்ளையள வெளிய விடலாம்" என்று சொல்லிவிடுங்கள். கொட்டு வாங்கியதைவிடச் சொல்லாமல் திறந்ததுதான் பலருக்கு ஆறாத கோபம்.

மூன்றாவது, சாதுவாக இருந்த பெட்டி திடீரென்று எப்போதும் சீறுவது. இந்தியத் தேனீ பொதுவாகவே சாது, சீறினால் உள்ளே ஏதோ ஆகியிருக்கிறது. ராணி செத்திருக்கலாம். எறும்பு ஏறியிருக்கலாம். கதண்டு வாயிலில் காவல் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருக்கலாம். உணவுப் பஞ்சத்தில் வேறு பெட்டித் தேனீக்கள் திருட வந்திருக்கலாம். முட்டையும் புதுப் புழுவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் குணம் மாறவில்லை என்றால் ராணியை மாற்றி, சாதுவான குடும்பத்திலிருந்து வந்த ராணியைக் கொடுங்கள். அதுவரை அந்த ஒரு பெட்டியை வீட்டுப் பக்கமிருந்து எடுத்து ரப்பர் தோட்டத்துக்குள் கொண்டு வைத்துவிடுவது நல்லது.

அறிகுறி: மதியம் பெட்டி முன்னால் ஒரே இரைச்சல்

நடுப்பகல் தாண்டி, பத்து இருபது நிமிடம், வாயிலைப் பார்த்தபடி மேலும் கீழும் பறந்துவிட்டு அடங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. இளம் தேனீக்கள் முதல் முறையாக வெளியே வந்து பெட்டியின் அடையாளத்தைப் படிக்கின்றன. பக்கத்து வீட்டாரை அழைத்து ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அறிகுறி: டீக்கடை, ஜூஸ் கடை, பதநீர்ப் பானையில் மொய்க்கிறது

மழைக்காலத்தில் பூ வரத்து நின்றதும் வரும் புகார் இது. ரப்பர் இலை துளிர்க்கும் தை, மாசி மாதங்களில் அந்தக் கடைப்பக்கம் ஒரு தேனீயும் எட்டிப் பார்க்காது. கடைக்கு வருவது யார் பெட்டித் தேனீ என்று யாராலும் நிரூபிக்க முடியாது, மரப்பொந்துத் தேனீயாகவும் இருக்கலாம். ஆனாலும் ஊரில் பெட்டி வைத்திருப்பவர் பெயர்தான் அடிபடும். பஞ்ச காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுங்கள், பொழுது சாய்ந்தபின், பெட்டிக்கு உள்ளே வைத்து. வெளியில் தட்டில் ஊற்றி வைத்தால் ஊர்த் தேனீ முழுக்க உங்கள் வாசலில் கூடிச் சண்டை போடும். கடைக்காரருக்கு ஒரு மூடி போட்ட டப்பாவும் வருஷத்துக்கு ஒரு பாட்டில் தேனும் கொடுப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது, அதை லஞ்சம் என்று யாரும் சொல்வதில்லை.

அறிகுறி: பக்கத்து வீட்டு மாமரத்தில் கூட்டமாகப் போய்த் தொங்குகிறது

குடும்பம் பிரிந்திருக்கிறது. பழைய ராணி பாதித் தேனீக்களோடு கிளம்பி, புது இடம் பார்க்கும்வரை கிளையில் கொத்தாகத் தொங்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அந்த நேரத்தில் அவை மிகச் சாது. வயிறு நிறையத் தேன் இருக்கிறது, காக்க வீடும் இல்லை. அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள். "என் தேனீ, நான் எடுப்பேன்" என்று சுவர் ஏறிக் குதிக்கத்தான் கூடாது. பறந்துபோன கூட்டத்தைத் துரத்திக்கொண்டு அடுத்தவர் நிலத்துக்குள் போகலாம் என்று ஜெர்மனியின் சிவில் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. அது ஜெர்மனி. இங்கே கேட்டைத் தட்டித்தான் போக வேண்டும்.

வராமல் தடுக்க, குமரிப் பகுதியில் ஐப்பசி முதல் மார்கழி வரை வளர்ச்சிக் காலத்தில் வாரம் ஒருமுறை அடையின் அடிவிளிம்பைப் பாருங்கள். புது ராணி வளரும் அறை தென்பட்டால் நீங்களே குடும்பத்தைப் பிரித்துவிடுங்கள்.

அறிகுறி: பெட்டி முன்னால் தேனீ செத்துக் குவிந்திருக்கிறது, பக்கத்து வீட்டார்மேல் சந்தேகம்

இங்கே கோபம் நம் பக்கம் திரும்புகிறது. வாயைத் திறக்கும் முன் செத்தது எது என்று பாருங்கள். வளர்ந்த தேனீக்கள் நாக்கை நீட்டியபடி ஒரே நாளில் குவிந்திருந்தால் பூச்சிமருந்து. வெளியே இழுத்துப் போட்டிருப்பது வெள்ளைப் புழுக்களாக இருந்து, அடைக்குள்ளும் புழுக்கள் தலை நிமிர்ந்து நீர் கோத்த பை மாதிரி செத்திருந்தால் அது 'தாய் சாக்புரூட்' (Thai sacbrood) என்ற புழு நோய். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியப் பெட்டிகளைப் பெருமளவில் அழித்த அதே வைரஸ்தான். அதற்கும் பக்கத்து வீட்டாருக்கும் சம்பந்தமில்லை. ஆண் தேனீக்கள் மட்டும் கிடந்தால் பஞ்ச காலத்தில் பணித்தேனீக்களே அவற்றைத் துரத்தியிருக்கின்றன.

மருந்துதான் என்றாலும், முந்தின நாள் சாயங்காலம் நகராட்சிக் கொசுப்புகை வண்டி தெருவுக்குள் வந்ததா என்று விசாரியுங்கள். வருவது முன்கூட்டியே தெரிந்தால் பெட்டியை ஈரச் சாக்கால் மூடி வையுங்கள், காற்றுக்கு வழி விட்டு. பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கு மருந்து தேவை என்றால் பூத்திருக்கும்போது வேண்டாம், பொழுது சாய்ந்தபின் அடியுங்கள், முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்கலாம். கேட்டால் செய்கிறார்கள், குற்றம் சாட்டினால் செய்ய மாட்டார்கள்.

அறிகுறி: கொட்டு வாங்கியவருக்கு உடம்பு சரியில்லை

தகராறை ஒதுக்கி வையுங்கள். கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள், எப்படி எடுத்தோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுத்தோம் என்பதுதான் முக்கியம், கொடுக்கோடு ஒட்டிய பையிலிருந்து விஷம் உடம்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் ஐஸ் போதும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல், வாந்தி, இவற்றில் ஏதாவது வந்தால் சுண்ணாம்பு தடவிக்கொண்டிராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, அதைத் தாமதிக்கக் கூடாது. பல இடங்களில் கொட்டு வாங்கிய குழந்தையையும் முதியவரையும் அறிகுறிக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்த வீட்டில் தேனீ ஒவ்வாமை உள்ளவர் இருப்பது உறுதியானால் என் கருத்தில் விவாதத்துக்கே இடமில்லை, அந்த இடத்தில் பெட்டி வேண்டாம். ஆசை விடாவிட்டால் கொசுத் தேனீ வளருங்கள். அதற்குக் கொடுக்கு கிடையாது. ஆண்டுக்குச் சில நூறு கிராம் தேன்தான் கிடைக்கும், ஆனால் விலை பல மடங்கு.

அறிகுறி: பேச்சு முறிந்து மனு வரை போய்விட்டது

சுகாதார ஆய்வாளர் வந்தால் அவர் முதலில் பார்ப்பது தேனீயை அல்ல, எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டிக் காலுக்கு அடியில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை. அதில் கொசுப்புழு நெளிந்தால் நீங்கள் அப்போதே தோற்றீர்கள். தண்ணீருக்குப் பதில் கழிவு ஆயில் ஊற்றி வையுங்கள்.

பொதுத் தொல்லை என்று கோட்டாட்சியரிடம் மனு போனால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்படி (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133) அகற்றச் சொல்லி நிபந்தனை உத்தரவு வரலாம். அது பொதுமக்களுக்கான தொல்லையைப் பற்றியது. இரண்டு வீட்டுக்கு இடையிலான பிரச்சினை என்றால் சிவில் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்பதுதான் வழி. ஆபத்து வரக்கூடும் என்று தெரிந்தும் பிராணியைக் கவனமின்றி வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதனால்தான் வலை கட்டிய தேதி, தண்ணீர்ச் சட்டி வைத்த தேதி, யாரிடம் எப்போது சொல்லிவிட்டுப் பெட்டி திறந்தீர்கள் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் போட்டோவோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, சங்கத்தின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் வைக்காதீர்கள். வாடகை வீட்டுக்காரர்கள் வீட்டு உரிமையாளரிடம் வாங்குங்கள்.

அகற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பொழுது நன்றாகச் சாய்ந்து எல்லாம் உள்ளே வந்தபின் வாயிலை வலையால் அடைத்து, சட்டங்கள் ஆடாமல் கயிறு போட்டுக் கட்டி, இரவோடு இரவாக மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோங்கள். அரைக் கிலோமீட்டர் தள்ளி வைத்தால் காலையில் பாதித் தேனீ பழைய இடத்துக்கே திரும்பி வந்து வெறும் சுவரில் மொய்க்கும், புகாரும் அதோடு கூடும். தூரமாகக் கொண்டுபோனாலும் வழி தவறிய சில தேனீக்கள் இரண்டு மூன்று நாள் பழைய இடத்தில் சுற்றும். ஓர் அடையோடு சின்னப் பெட்டி ஒன்றை அங்கே விட்டுவைத்து, கடைசி நாள் சாயங்காலம் அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் அந்தச் சின்னப் பெட்டி எதற்கு என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ஏமாற்றுவதாக நினைப்பார்கள்.